பக்கத்து வீடும் அதே நாளில் நொடித்தால்: பெருந்தொற்று கிராமத்தை என்ன செய்கிறது?

சென்னை நெற்குன்றத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவின் கடைசி வீட்டு மாடியறையில் ஏழு பேர் சேர்ந்து தங்கியிருந்தார்கள். அனைவரும் அரியலூர் மாவட்டத்துக்காரர்கள். கோயம்பேடு சந்தையில் மூட்டை இறக்குபவர்கள். நள்ளிரவுக்குச் சற்று முன்பு வேலைக்குக் கிளம்பி, வெயில் ஏறிய பிறகே திரும்புவார்கள். வாரக் கூலி கைக்கு வந்ததும் அவர்களில் மூத்தவர் தெருமுனைக் கடையில் பணத்தைக் கொடுத்து ஊர்க் கணக்கில் போடச் சொல்லுவார். பிறகு வீட்டுக்குப் பேசி, "போட்டுட்டேன், பாத்துக்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார். 2020 மே மாதத் தொடக்கத்தில், சந்தையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பரவிய இரண்டாம் நாளே அந்த அறை காலியாகிவிட்டது. கொடியில் ஒரு சிவப்புத் துண்டு மட்டும் பல நாள் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு வரிப் பேச்சு நின்றபோது தொலைவில் இருந்த ஒரு சிற்றூரில் என்னென்ன நின்றன என்பதை விளங்கிக்கொண்டால், பெருந்தொற்றின் சமூக, பொருளாதார விளைவுகள் என்று பெரிய சொற்களில் சொல்லப்படும் பொருளில் பாதி விளங்கிவிடும். பொருளாதாரம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு வட்டாரத்தில் வழக்கத்துக்கு மேல் பரவி மக்களை வாட்டும் நோயைக் கொள்ளைநோய் என்கிறோம். அது நாடுகளையும் கண்டங்களையும் தாண்டிப் பரவும்போது பெருந்தொற்று என்கிறோம். கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று அறிவித்தது. தமிழ்நாட்டின் முதல் தொற்று அதற்கு நான்கு நாள் முன்னதாக, மார்ச் 7 அன்று உறுதியாகியிருந்தது. மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநிலத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு கடந்ததும் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. அந்த நாளில் தமிழ்நாட்டின் மிகப் பெரும்பாலான கிராமங்களில் ஒரு நோயாளிகூட இல்லை. ஆனால் மறுநாள் காலையிலிருந்து கூலி இல்லை. நோயின் விளைவும் நோயைத் தடுக்க எடுக்கும் நடவடிக்கையின் விளைவும் இரு வேறு பாதைகளில், இரு வேறு காலங்களில் ஊருக்குள் நுழைகின்றன என்பதுதான் இதில் முதற்பாடம். தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பொறுத்தவரை 2020 பெரும்பாலும் வருமானம் போன ஆண்டு; 2021 உயிர்கள் போன ஆண்டு. ஊரடங்கே தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. அதன் சுமை யார் தோளில் எவ்வளவு இறங்கியது என்பதைப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேச முடியாது என்றுதான் சொல்கிறேன்.

ஊரின் பணம் எங்கிருந்து வருகிறது?

"கிராமத்தில் காற்றோட்டம் உண்டு, நெருக்கடி இல்லை, சாப்பாட்டுக்கு நெல் இருக்கிறது, அவர்களுக்கு என்ன?" என்று அந்த நாட்களில் சென்னையில் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். கிராமம் என்றால் உழவு, உழவு என்றால் சோறு என்ற பழைய நினைப்பிலிருந்து வருகிற பேச்சு அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 48 சதவீதம் பேர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தார்கள். கிராமத்தில் பெயர் எழுதப்பட்ட மீதிப் பேரிலும் எத்தனையோ பேரின் பிழைப்பு நகரத்தில்தான் நடக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முக்கால் ஏக்கர் நிலம், ஒரு கறவை மாடு. தகப்பனார் ஊரிலேயே விவசாயக் கூலி. தாயார் நூறு நாள் வேலைக்குப் போகிறார். மூத்த மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. தகப்பனாரின் தம்பி சென்னையில் கொத்தனார். ஒரு மழை பொய்த்தால் நிலம் கைவிடும், ஆனால் கொத்தனார் கூலி வரும். கட்டட வேலை மந்தமானால் மாட்டுப்பால் பணம் வரும். இப்படி ஒரே கிளையில் தொங்காமல் நான்கைந்து கிளைகளைப் பற்றிக்கொண்டு நிற்பதுதான் கிராமக் குடும்பத்தின் பிழைப்பறிவு. எந்த நிபுணரும் சொல்லித் தராமலேயே தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்ட பாதுகாப்பு இது.

2020 மார்ச் கடைசி வாரத்தில் இந்தக் கிளைகள் ஏறக்குறைய ஒன்றாக முறிந்தன. கம்பெனி பஸ் வரவில்லை. கட்டட வேலை நின்றது. நூறு நாள் வேலையும் ஏப்ரலில் பெரும்பாலான இடங்களில் நடக்கவில்லை. தேநீர்க் கடைகளும் ஓட்டல்களும் மூடியதால், அவற்றுக்குப் போய்க்கொண்டிருந்த பாலை வாங்க ஆளில்லை. நிலம் மட்டும் மிஞ்சியது.

நிலமாவது காப்பாற்றியதா? இங்கேதான் புள்ளிவிவரத்தை நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியது என்று முதலில் வெளியான அரசுக் கணக்கு கூறியது. அதே கணக்கில் வேளாண்மை மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்திருந்தது. அதைக் கண்டு உழவர்கள் தப்பிவிட்டார்கள் என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்தக் கணக்கு விளைந்ததை அளக்கிறது. விளைந்தது விற்றதா, விற்ற பணம் யார் கைக்குப் போனது என்பதை அது சொல்வதில்லை.

திண்டிவனம், மரக்காணம் பகுதிகளில் தை, மாசி தொடங்கி வைகாசி வரை தர்பூசணி வரும். நம் சென்னைச் சாலையோரங்களில் கோடையில் குவிந்து கிடக்கும் பழம்தான். இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் வயதுள்ள பயிர் அது. காய் முற்றியதும் வியாபாரி லாரியோடு வந்து மொத்தமாக வெட்டிக்கொண்டு போவதே வழக்கம். அந்த ஆண்டு பழம் சரியாக ஊரடங்கு தொடங்கிய வாரங்களில் முற்றியது. வேளாண் வேலைகளுக்கும் விளைபொருள் லாரிகளுக்கும் அரசு சில நாட்களிலேயே விலக்கு அளித்தது உண்மை. ஆனால் வெட்ட ஆள் வரவில்லை. ஓட்டுநர்கள் வெளியே வர அஞ்சினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாலையில் நின்று பழக்கீற்று வாங்கித் தின்னும் சென்னைக்காரர் வீட்டுக்குள் இருந்தார். வெயிலில் வெடித்த பழங்களை மாடுகள் தின்றன. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கியவர் அந்தக் கடனை அடுத்த பயிரின் தலையில் ஏற்ற வேண்டியதாயிற்று. நெல் உழவருக்கு அரசுக் கொள்முதல் நிலையம் இருந்தது. தர்பூசணிக்கும் மல்லிகைக்கும் அப்படி எதுவும் இல்லை. கோயில்கள் மூடி, திருமணங்கள் ஒடுங்கிய ஆண்டில் பூ விவசாயியின் நிலையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

எல்லோருக்கும் ஒரே நாளில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கருத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால், நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

துன்பம் இரண்டு வகையில் வரும். ஒரு வீட்டுக்கு மட்டும் வருவது ஒன்று: மாடு செத்துப்போகிறது, வீட்டுத் தலைவர் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிகிறது. ஊர் முழுவதற்கும் சேர்ந்து வருவது மற்றொன்று: வறட்சி, வெள்ளம், பெருந்தொற்று. கிராமத்தின் காப்பீடு முழுவதும் முதல் வகைக்காகவே கட்டப்பட்டது. கைமாற்று, ஏலச்சீட்டு, மகளிர் குழுவின் சேமிப்பு, அண்ணன் வீட்டு அரிசி, பெட்டிக்கடைப் பற்று நோட்டு ஆகிய அனைத்தும் "இன்று உனக்கு முடியவில்லை, எனக்கு முடிகிறது, நாளை எனக்கு முடியாதபோது நீ கொடு" என்ற நம்பிக்கையில் இயங்குபவை. எல்லோருக்கும் ஒரே நாளில் முடியாமல் போகும்போது, கேட்பவர் மட்டும் இருப்பார், கொடுப்பவர் இருக்கமாட்டார்.

இதற்கு மொய்யைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், ஆலங்குடி பகுதிகளிலும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பகுதியிலும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடப்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் முறை வரும்போது ஒருவர் பந்தல் போட்டு, கறிவிருந்து வைத்து, இதுவரை தான் பிறருக்குச் செய்த மொய்யைத் திரும்ப வாங்குவார். புதிதாக வருகிற மொய் அவர் பேரில் கடனாக நோட்டில் ஏறும். வட்டியில்லாத பெரும் தொகை ஒரே நாளில் கையில் சேரும். அதை வைத்து வீடு கட்டுவார், கடன் அடைப்பார், கிணறு வெட்டுவார். வங்கி கதவைத் திறக்காத மனிதருக்கு ஊரே வங்கியாக நிற்கும் ஏற்பாடு இது. 2020-இல் திருமணத்துக்கு 50 பேர், இறப்புக்கு 20 பேர் என்று வரம்பு வந்தபோது பந்தலுக்கு இடமில்லாமல் போனது. பத்து ஆண்டு மொய் செய்துவிட்டுத் தன் முறைக்காகக் காத்திருந்தவரின் பணம் அத்தனை வீடுகளிலும் சிதறிக் கிடந்தது. அந்த வீடுகளிலும் பணமில்லை. பந்தல் போட்டிருந்தாலும் நோட்டில் எழுத எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

இதே காரணத்தால் மகளிர் குழுக் கடனும் நெஞ்சில் கல்லாக அமர்ந்தது. குழுவில் ஒருவர் ஒரு வாரத் தவணையைக் கட்ட முடியாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டிவிடுவார்கள். அந்த உறுதிதான் அடமானமில்லாமல் கடன் கிடைக்கக் காரணம். எல்லோருக்கும் கூலி நின்றபோது அந்த உறுதியே தோழிகளுக்கிடையே சண்டையாக மாறியதைப் பல ஊர்களில் கண்டோம். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க வழி செய்தது. பின்னர் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தேவையான ஆறுதல்தான். ஆனால் தவணை தள்ளிப்போனதே தவிர வட்டி நிற்கவில்லை என்பது பலருக்குச் சொல்லப்படவில்லை. 40,000 ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு 24 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 800 ரூபாய். ஆறு மாதம் கட்டாமலிருந்தால் 4,800 ரூபாய் கூடுதல். நூறு நாள் வேலைக் கூலியில் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 19 நாள் உழைப்பு.

அடுத்து நகை. கிராமத்துப் பெண்ணின் கழுத்தில் கிடக்கும் சங்கிலியை நகரத்தார் ஆசையென்று பார்க்கிறார்கள். உண்மையில் அது மழைக்காலத்துக்கு ஒதுக்கிய குதிர். கைமாற்று கிடைக்காத வீடுகள் நகையை அடகு வைத்தன. நகையும் தீர்ந்தபின் ஆட்டை விற்றன. ஊரே ஆட்டை விற்கும்போது ஆட்டின் விலை இறங்கும். வருமானம் போவது ஒரு மாதத் துயரம். வருமானத்தைத் தரும் பொருளை விற்றுவிடுவது பல ஆண்டுத் துயரம். பெருந்தொற்று முடிந்த பிறகும் அதன் வறுமை முடியாததற்கு இதுவே மூலகாரணம் என்பது என் எண்ணம்.

ஊர் முழுதும் ஒன்றாக நொடிக்கும்போது வெளியிலிருந்து ஒரு கை வந்தாக வேண்டும். அந்தக் கை அரசுடையதாகத்தான் இருக்க முடியும். தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் அனைத்துக்கும் ரேஷன் அரிசி ஏற்கெனவே விலையின்றிக் கிடைத்துவந்தது இங்கே மிகப் பெரிய தாங்கலாக அமைந்தது. ஏழையா இல்லையா என்று அந்த நெருக்கடியில் யாரும் பட்டியல் எடுக்க வேண்டியிருக்கவில்லை. 2020 ஏப்ரலில் அட்டைக்கு 1,000 ரூபாயும், 2021 மே, ஜூன் மாதங்களில் இரு தவணையாக 4,000 ரூபாயும் வழங்கப்பட்டன. ஊருக்குத் திரும்பியவர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நூறு நாள் வேலைக்கு வந்தார்கள். 2020-21 மத்திய நிதிநிலை அறிக்கையில் அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய 61,500 கோடி ரூபாய் போதாமல், மேலும் 40,000 கோடி ஒதுக்க வேண்டிவந்தது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு நாளொன்றுக்குக் கூலி 256 ரூபாய். கொத்தனாருக்கு அது அவர் சென்னையில் வாங்கியதில் சிறு பங்குதான். ஆனால் அடுப்பு எரிந்தது. ரேஷன் அட்டை ஒடிசாவில் இருக்க, திருவள்ளூர் செங்கல் சூளைகளில் சிக்கிக்கொண்ட தொழிலாளர்களுக்கு இந்தத் தாங்கல்களில் பெரும்பாலானவை எட்டவில்லை. அவர்களும் ஏதோ ஒரு கிராமத்தின் மக்கள்தாம்.

சந்தையிலிருந்து ஊருக்குத் திரும்பிய நோய்

இனி நோயின் பாதை. கோயம்பேடு சந்தை 1996 முதல் சென்னையின் காய்கறி, பழம், பூ மொத்த வணிக மையம். 2020 ஏப்ரல் இறுதியில் அங்கே தொற்று பரவியது தெரியவந்தது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, சில நாட்களில் காய்கறி வணிகம் திருமழிசைக்கு மாறியது. அதற்குள் சந்தைத் தொழிலாளர்கள் கடலூர், அரியலூர், விழுப்புரம், பெரம்பலூர் மாவட்டங்களிலுள்ள தத்தம் ஊர்களுக்குத் திரும்பியிருந்தார்கள். அதுவரை தொற்று குறைவாக இருந்த அந்த மாவட்டங்களில் ஒரே வாரத்தில் எண்ணிக்கை பாய்ந்தது. காய்கறி எந்த வழியில் சென்னைக்கு வந்ததோ, கூலி எந்த வழியில் ஊருக்குப் போனதோ, அதே வழியில் நோயும் போனது. 1918-இல் துருப்புகளை ஏற்றிவந்த கப்பல்கள் மூலம் பம்பாய்க்கு வந்த விஷக்காய்ச்சல் இரயில் பாதை நெடுகிலும் உள்நாட்டுக்குப் பரவியதும் இப்படித்தான். இந்தியாவில் அந்தக் காய்ச்சல் குறைந்தது ஒரு கோடிப் பேரைக் கொன்றது. 1921 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்திருந்தது.

நோயைவிட முன்னே ஓடியது அச்சம். ஊர் எல்லையில் முள்மரத்தை வெட்டிப் போட்டு வழியை அடைத்தார்கள். வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். எங்கள் தெரு மாடியறையில் இருந்த பெரியவர் பின்னொரு நாளில் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தம்பி, பதினாலு நாள் பள்ளிக்கூடத்துல வெச்சிருந்தாங்க. அது பரவால்ல. வெளிய வந்த பெறகு டீக்கடையில எனக்கு மட்டும் தனி டம்ளர். ஆறு மாசம் பேரு போச்சு, கோயம்பேட்டான்னுதான் கூப்பிட்டாங்க." ஏற்கெனவே சாதியின் பேரால் தனி டம்ளர் கண்ட மண்ணில் இந்தப் புதிய விலக்கம் எவ்வளவு இயல்பாகப் பொருந்திக்கொண்டது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கலங்குகிறது. அவர் வீட்டுக்காரம்மாவைப் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கக் கடைசியாக நிற்கச் சொன்னார்களாம்.

சமூக விளைவு என்று பேசும்போது நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு கூட்டம் உண்டு. தெருக்கூத்து, கரகாட்டம், பறை, நாதஸ்வரக் கலைஞர்கள் பங்குனி முதல் ஆடி வரையிலான திருவிழாக் காலத்து வருமானத்தைச் சேர்த்துவைத்தே ஆண்டைக் கடத்துபவர்கள். 2020-இலும் 2021-இலும் அடுத்தடுத்து அந்தப் பருவம் முழுதாகப் போயிற்று.

இரண்டாம் அலை வந்தபோது மேலே சொன்ன வரிசை தலைகீழானது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. இம்முறை கிராமங்களும் தப்பவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கிடைக்கும். ஆக்சிஜன் படுக்கைக்கு மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். சென்னையில் ஆம்புலன்ஸுக்குள் காத்திருந்தவர்களைத் தொலைக்காட்சி காட்டியது. வண்டி வாடகைக்குப் பணம் புரட்டுவதற்குள் வீட்டுத் திண்ணையிலேயே போனவர்களை யாரும் படமெடுக்கவில்லை. கொரோனா அல்லாத நோய்களும் இருந்தன. பேருந்து இல்லாததால் மாதந்தோறும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை வாங்கிவந்த முதியவர்கள் அதை நிறுத்திவிட்டார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்ததன் அருமை அந்த இடைவெளியைக் கண்டவர்களுக்குத் தெரியும்.

ஒரு கைபேசி, மூன்று பிள்ளைகள்

பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த குழந்தை, இடையில் பள்ளியே இல்லாமல், மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது. இடையில் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஒளிபரப்பானது. தனியார் பள்ளிகள் கைபேசியில் வகுப்பு நடத்தின. ஒரு வீட்டில் ஒரு கைபேசி. அதை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போனால் மாலையில்தான் பாடம். மாலையில் மூன்று பிள்ளைகள் கேட்டால் பத்தாம் வகுப்புப் பையனுக்கு முதலில் கிடைக்கும், அவன் தங்கைக்குக் கடைசியில் கிடைக்கும், அல்லது கிடைக்காது.

ஏசர் என்ற கிராமப்புறக் கல்வி ஆய்வின்படி, தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018-இல் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். 2022-இல் அது ஐந்துக்கும் கீழே போனது. முன்பே குறைவாக இருந்தது பாதியானது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலேயே பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே தொடங்கப்பட்டது. தர்பூசணி வெடித்துக் கிடந்த அதே மண்ணில், வேப்பமரத்தடியில் பாய் விரித்து, ஊரிலேயே கல்லூரி முடித்த பெண்கள் அந்தக் குழந்தைகளுக்கு மீண்டும் அ, ஆ எழுத வைத்தார்கள். அவர்களில் பலர் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு அதைச் செய்தார்கள் என்பதைப் பதிவுசெய்தே ஆக வேண்டும்.

சிறு குழந்தைகள் திரும்பி வந்தார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளில் சிலர் வரவில்லை. பையன்கள் அதற்குள் ஒரு கூலிக்குப் பழகியிருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு, செலவில்லாமல் ஐம்பது பேரோடு முடிந்துவிடும் என்ற ஒரே காரணத்துக்காகச் சில வீடுகளில் கல்யாணமே முடிந்திருந்தது. குடும்பத்தின் கடன் இப்படித்தான் குழந்தையின் வயதில் கழிக்கப்படுகிறது.

கோயம்பேடு காய்கறிச் சந்தை 2020 செப்டம்பர் இறுதியில் மீண்டும் திறந்தது. அரியலூர்க்காரர்களில் நால்வர் தீபாவளி கழித்துத் திரும்பி வந்தார்கள். பெரியவரின் மனைவியின் நகை 2023 பொங்கலுக்குச் சில நாள் முன்புதான் அடகிலிருந்து மீண்டது. வட்டியையும் சேர்த்தால் அந்த நகையின் பாதி விலையைக் கட்டியிருந்தார். பெருந்தொற்றின்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அவருடைய மகன் பதினொன்றாம் வகுப்பில் சேரவில்லை. இப்போது அவன் ஒரகடத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். வாடகைக்கு அறை எடுத்துத் தங்கி, மாதம் பிறந்ததும் ஊர்க் கணக்கில் பணம் போட்டுவிட்டு அம்மாவுக்குப் பேசுகிறான். தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்குத் தனியாக ஒரு கைபேசி வாங்கிக் கொடுத்ததுதான் அவன் முதல் சம்பளத்தில் செய்த செலவு.